குளிர்நாட்டு விருந்தாளி



சென்ற ஆண்டு பங்குனித் திங்களில் ஒரு வெள்ளிக்கிழமை. தவக்காலச் சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின், கோவில் கதவுகளைச் சாத்திவிட்டு நம் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். முற்றத்து வேம்பின் அடியில், நம் பங்கைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியுடன் நின்றான். அருகில் அவனுடைய அப்பத்தா.

"சாமி, இந்தப் பயலுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க. பல்லியைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வச்சிருக்கான்" என்றார் அந்த அம்மையார்.

வாளியினுள் எட்டிப் பார்த்தோம். ஒரு சாண் தண்ணீர். அதன் அடியில், ஒரு சாணுக்குச் சற்றே குறைந்த நீளமுள்ள உயிர் ஒன்று அசையாமல் கிடந்தது. வெளிறிய இளஞ்சிவப்பு உடல், தட்டையான வால், நான்கு சிறு கால்கள், தலையின் இரு மருங்கிலும் சிறகுபோல் விரிந்த மும்மூன்று சிவந்த செவுள்கள். பையனின் தாய்மாமன் சென்னையில் வேலை செய்கிறார். மருமகன் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றதற்குப் பரிசாக, ஒரு வண்ணமீன் கடையில் இதை வாங்கி அனுப்பியிருந்தார். கடைக்காரர் கொடுத்த அறிவுரை ஒன்றே: "மீன் மாதிரிதான், தண்ணி மாத்துனா போதும்."

நான்கு நாள்களாக அது ஒன்றும் உண்ணவில்லை. சோற்றுப் பருக்கை போட்டுப் பார்த்தார்களாம்; இட்டிலியும் போட்டுப் பார்த்தார்களாம். பையனின் தந்தை, ஊரணியில் கொண்டுபோய் விட்டுவிடு என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். "விட்டா பிழைச்சுக்குமா, ஃபாதர்?" என்று கேட்டான் பையன். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

நமக்கு விடை தெரியவில்லை. திருச்சியில் விலங்கியல் கற்பிக்கும் பேராசிரிய நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். அவரிடம் அறிந்ததும், பின்னர் நூல்களில் படித்ததும், அந்த வாளியின் வழியாக நாம் கற்றுக்கொண்டதுமே இத்திங்களின் கட்டுரை. நம் பிள்ளைகள் இன்று கைப்பேசியில் உலகத்து உயிர்களையெல்லாம் கண்டு ஆசைப்படுகிறார்கள். ஆகவே இது பல இல்லங்களுக்குப் பயன்படும் என எண்ணுகிறோம்.

இது யார்?

தவளையின் உறவினங்களுள் வாலுடைய கிளை ஒன்று உண்டு. சலமாண்டர், நியூட் என்று அவற்றை அழைப்பர். பார்வைக்குப் பல்லியை ஒத்திருந்தாலும் பல்லிக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவில்லை. பல்லியின் உடலில் செதில் உண்டு. இவற்றின் தோலோ தவளைத் தோல்போல் ஈரமும் மென்மையும் உடையது. நம் தமிழகத்தில் தவளைகள் பல. மேற்குத் தொடர்ச்சி மலையில் கால்களே இல்லாமல் மண்ணுள் வாழும் சிசிலியன்களும் உண்டு. ஆனால் வாலுடைய இந்தக் குடும்பம் தென்னாட்டில் இல்லை. இந்தியாவில் இமயமலைச் சாரலிலும் வடகிழக்கு மலைகளிலும்தான் நியூட் வாழ்கிறது. டார்ஜிலிங் மலையில் ஜோர்போக்ரி என்னும் சிறிய சரணாலயம் அதன் பொருட்டே பேணப்படுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவல் நிற்பதால், அதைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம்.

பையனின் வாளியில் இருந்ததோ நியூட்டின் தூரத்து உறவினர். ஆக்சோலாட்டல் என்னும் சலமாண்டர். அதன் தாயகம் மெக்சிகோ நகரத்தைச் சேர்ந்த சோச்சிமில்கோ நீர்வழிகள். தலைப்பிரட்டை வளர்ந்து தவளையானதும் கரையேறுவதை நாம் அறிவோம். ஆக்சோலாட்டல் அப்படியன்று, முட்டையிட்டு இனம் பெருக்கும் வயதிலும் செவுள்களை உதிர்க்காமல், வாழ்நாள் முழுதும் நீரிலேயே குழந்தை வடிவில் இருக்கும். 1864-இல் பாரீசு நகரத்துக்கு 34 ஆக்சோலாட்டல்கள் வந்து சேர்ந்தன. அவற்றின் வழித்தோன்றல்களே பின்னர் உலகத்தின் பல ஆய்வுக்கூடங்களுக்கும் பரவின. ஆனால் பிறந்த மண்ணில் அதன் நிலை இரங்கத்தக்கது. சோச்சிமில்கோவில் 1998-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 எனக் கணக்கிடப்பட்டது, 2014-இல் 36 ஆகக் குறைந்துவிட்டது. கண்ணாடித் தொட்டிகளில் இலட்சக்கணக்கில் வாழும் ஓர் உயிர், தன் சொந்த ஏரியில் அழிவின் விளிம்பில் நிற்கிறது!

இவ்வினத்தின் பெரும் புதுமை, இழந்த உறுப்பை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றல். இதை உலகுக்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர் ஒரு குருவானவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ? இத்தாலிய நாட்டு அருட்தந்தை லாசரோ ஸ்பல்லான்சானி (1729–1799) 1768-இல் வெளியிட்ட சிறு நூலில், சலமாண்டரின் வாலும் காலும் தாடையும் அறுபட்ட பின் மீண்டும் முளைப்பதைத் தம் ஆய்வுகளைக்கொண்டு எடுத்துரைத்தார்.

வீடு அமைக்கும் முறை

பேராசிரிய நண்பர் முதலில் சொன்னது, "வாளியிலிருந்து எடுங்கள்" என்பதே. ஓர் ஆக்சோலாட்டலுக்கு ஏறத்தாழ 75 லிட்டர் நீர் கொள்ளும், இரண்டரை அடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியேனும் வேண்டும். நியூட் வகைகளுக்கு உடல் சிறியது. ஆயினும் அவற்றுள் பல கரையேறி இருக்க விரும்புவதால், தொட்டியில் கல்லோ மரப்பட்டையோ அடுக்கி, ஈரமான மேட்டுநிலம் ஒன்று அமைக்க வேண்டும். நியூட் ஈரக் கண்ணாடியில் பல்லிபோல் ஏறிவிடும். ஆகவே, காற்றுப் புகக்கூடிய, ஆனால் இடைவெளியில்லாத மூடி இன்றியமையாதது.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்புதல் ஆகாது. வாயைத் திறந்து, உணவை நீரோடு சேர்த்து உறிஞ்சுவது ஆக்சோலாட்டலின் வழக்கம். அப்போது கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். நன்கு கழுவிய நுண்மணல் போதும். வெறுங்கண்ணாடியாக விட்டாலும் குற்றமில்லை. அதற்குக் கண்ணிமை கிடையாது. எனவே வெளிச்சம் படாத மூலை வேண்டும். விளிம்பு தேய்த்த உடைந்த மண்பானைத் துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால், அதுவே அதற்கு நல்ல குகை. செம்புப் பாத்திரம் எதையும் அந்த நீரில் இடலாகாது. செம்பு இவற்றுக்கு நஞ்சு. குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால், அதை நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

புதுத் தொட்டியில் நீரை நிரப்பி அன்றே உயிரை விடுவது பலரும் செய்யும் பிழை. புது மண்சட்டியைப் பழக்காமல் நம் தாய்மார் அதில் குழம்பு வைப்பதில்லை, தொட்டியும் அதுபோலவே. விலங்கின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது நஞ்சு. நீரை வடிகட்டும் கருவியில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் அத்தனை கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பழகாத தொட்டியில் உயிர் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால், அதுவரை நாள்தோறும் நீரின் ஒரு பகுதியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழகிய பின்னர், வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கை மாற்றினால் போதும். கருவியிலிருந்து வரும் நீரோட்டம் மெல்லியதாய் இருத்தல் நலம். இவை தேங்கிய நீரில் வாழ்ந்து பழகியவை.

உணவு ஊட்டும் முறை

இவை ஊன் உண்ணும் உயிர்கள். சோறும் இட்டிலியும் இவற்றுக்கு உணவல்ல. ஆட்டிறைச்சியும் கோழியிறைச்சியும் செரிமானத்துக்கு ஒவ்வா. மண்புழுவே தலைசிறந்த உணவு. உரமும் பூச்சிமருந்தும் படாத மண்ணில் தோண்டியெடுத்து, நன்கு கழுவி, விலங்கின் வாய்க்கு ஏற்றபடி நறுக்கித் தர வேண்டும். கடைகளில் உறைநிலையில் விற்கும் இரத்தப்புழுவைச் சிறிய நியூட்டுகளுக்கும் குஞ்சுகளுக்கும் கொடுக்கலாம். குஞ்சுகளுக்கு நாள்தோறும், வளர்ந்தவற்றுக்கு இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை என்பது கணக்கு. உண்ணாமல் விட்டதை அன்றே அகற்றிவிட வேண்டும். இல்லையேல் நீர் கெடும். மீன்களை உடன் விடலாகாது. செவுள்களை இரையென எண்ணி அவை கொறிக்கும். குஞ்சுகளை ஒன்றாக அடைத்தாலும் ஒன்றின் காலை மற்றொன்று கடிக்கும்.

கையில் எடுத்துக் கொஞ்சுதல் கூடாது. நம் உள்ளங்கையின் சூடும் உப்பும் சோப்பும் அந்த மென்தோலைப் புண்படுத்தும். நியூட் வகைகள் பலவற்றின் தோலில் நஞ்சும் உண்டு. தொட்டியில் கையிட நேர்ந்தால், முன்னும் பின்னும் கைகழுவுதல் கடன்.

மறுநாள் மாலை கோவில் தோட்டத்து வாழையடியில் பையன் தோண்டிய மண்புழுவைக் கழுவி, ஒரு குச்சியால் அதன் முகத்துக்கு நேரே மெல்ல அசைத்தான். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பின்னர் ஒரு கணத்தில் வாய் திறந்து மூடியது, புழுவைக் காணோம். பையன் போட்ட கூச்சலில் அவனுடைய அப்பத்தா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அன்று முதல் மாலை நடையை அவ்வீட்டுப் பக்கமாக மாற்றிக்கொண்டோம். பெரிய தொட்டி ஒன்று வாங்கப்பட்டது. ஆக்சோலாட்டல் பன்னாட்டு வாணிப ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிர். அத்தகையவற்றை வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விண்ணப்பத்தையும் பையனின் தந்தையை அழைத்து நிரப்பச் செய்தோம். எல்லாம் முறையாய் நடக்கிறதென்று நமக்குள் ஒரு பெருமையும் உண்டாயிற்று.

வெயிலின் கணக்கு

பேராசிரியர் அன்று மற்றொன்றும் சொல்லியிருந்தார்: "சாமி, இது மலைநாட்டு உயிர். சித்திரை பிறக்கும் முன் குளிர்ந்த இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்."

சோச்சிமில்கோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் கொடைக்கானலைவிடச் சற்று உயரம். ஆக்சோலாட்டலுக்கு உகந்த நீரின் வெப்பம் 16 முதல் 18 பாகை. 24-ஐத் தாண்டினால் துன்பம். நியூட் வகைகளுள் பெரும்பாலானவையும் இவ்வாறே குளிர் நாடுபவை. புதுக்கோட்டையிலோ சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 38 பாகையைத் தாண்டுவது புதிதன்று. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்துள்ள உயிர்வளி குறைகிறது. அதே வேளையில் விலங்கின் உடலுக்கோ கூடுதல் உயிர்வளி தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் குடும்பம் எத்தனை நாள் நிலைக்கும்?

நீரின் மேற்பரப்பில் படும்படி மின்விசிறி வைத்தால், மண்பானை நீர் குளிர்வதுபோல ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை குறையும். உறைந்த நீருள்ள புட்டிகளை மாற்றி மாற்றி மிதக்கவிட்டால் மேலும் சிறிது குறையும். உறுதியான வழி குளிரூட்டும் கருவி ஒன்றே. அதன் விலையும் இரவுபகலாய் ஓடும் மின்சாரச் செலவும் அந்த ஓட்டுநரின் குடும்பம் தாங்கக்கூடியவை அல்ல. விலங்குகளை வீணே துன்புறுத்தலாகாது என்று 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை அவற்றின்மேல் செலவிடுவதும் தகாது என்று அதே இடத்தில் சொல்கிறது. வாங்கும் முன்பே இவ்விரண்டையும் சேர்த்து எண்ணியிருக்க வேண்டும்.

கொடைக்கானல் மலையில் நமக்குக் குரு நண்பர் ஒருவர் இருக்கிறார். உரிய அனுமதியோடு அவரிடம் சேர்ப்பிக்க வழி தேடியிருக்கலாம். ஆயினும் பையனின் மகிழ்ச்சியைக் கண்ட நமக்கு மனம் வரவில்லை. பாஸ்கு விழா முடியட்டும் என்றோம். பின்னர், விடுமுறை முடியட்டும் என்றோம்.

சித்திரையின் நடுவில் ஒரு மாலை, கோடைமழைக்கு முன் வீசிய சூறைக்காற்றில் மின்கம்பங்கள் சாய்ந்தன. மழையோ பெயருக்குத் தூறிவிட்டுப் போயிற்று. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் வாரக்கணக்கில் இருளில் கிடந்த மாவட்டம் நம்முடையது. ஓரிரவும் ஒரு பகலும் மின்சாரம் இல்லாதது நமக்குப் பெரிதன்று. அந்தச் சிறிய உயிருக்கோ அது பெரிதாயிற்று. விசிறி நின்றது, புட்டிகளின் பனிக்கட்டி நள்ளிரவுக்குள் கரைந்துவிட்டது. பையன் இரவு முழுதும் கிணற்று நீரை இறைத்து இறைத்துச் சிறிது சிறிதாக மாற்றினான். பல்லியென்று அஞ்சிய அப்பத்தாவே சாக்கை நனைத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டி, பனையோலை விசிறியால் விடியும்வரை வீசினார். மறுநாள் நண்பகலில் அது இறந்தது.

முருங்கைமரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா, ஃபாதர்?" என்று கேட்டான். நீ செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாய், தம்பி. செய்யத் தவறியது நாம் என்றோம். அது ஆறுதலுக்காகச் சொன்னதன்று, உண்மை. அறிந்தவர் காலத்தோடு சொல்லியும், ஒரு பிள்ளையின் முகவாட்டத்தைக் காண அஞ்சி நாள் கடத்தினோம். அன்பென்று நாம் எண்ணியது உண்மையில் நம் கோழைத்தனம். பெற்றோராகிய உங்களுக்கும் இத்தகைய தருணங்கள் வருவதுண்டன்றோ?

ஊரணியில் விடலாமா?

தந்தை முதலில் சொன்ன வழியைப் பற்றியும் ஒரு சொல். வளர்க்க முடியாத அயல்நாட்டு உயிரை ஊரணியிலோ கண்மாயிலோ விடுவது ஒருநாளும் ஆகாது. வெயிலில் அது மாண்டுபோகும் என்பது ஒன்று. அது சுமந்து வரும் நோய் நம் நீர்நிலையில் தங்கிவிடக்கூடும் என்பது மற்றொன்று. நெதர்லாந்து நாட்டில் நெருப்புச் சலமாண்டர்கள் கூட்டங்கூட்டமாய் மடிந்து ஏறத்தாழ அற்றுப்போயின. அதற்குக் காரணமான தோல்பூஞ்சையை 2013-இல் அறிஞர்கள் இனங்கண்டனர். ஆசியாவில் தோன்றிய அப்பூஞ்சை, வளர்ப்பு விலங்கு வாணிபத்தின் வழியாகவே ஐரோப்பாவை எட்டியது என்பது அவர்தம் முடிவு. வளர்க்க இயலாதபோது, விற்ற கடைக்கோ, வசதியும் பதிவும் உடைய மற்றொருவருக்கோ, வனத்துறையின் வழிகாட்டலுடன் கொடுப்பதே நேர்மை.

இதற்கு மாறான ஒரு நல்ல காட்சியும் உலகில் உண்டு. மெக்சிகோவின் பாட்ஸ்குவாரோ ஏரியில் மட்டுமே வாழும் சலமாண்டர் வகை ஒன்றுக்கு அச்சோக்கே என்று பெயர். அவ்வூர்ப் புனித சாமிநாதர் சபை அருட்சகோதரியர், வழிவழியாக அதைக்கொண்டு இருமல் மருந்து செய்து விற்றே தங்கள் மடத்தை நடத்திவந்தனர். ஏரி மாசுபட்டு அச்சோக்கே அருகியபோது, அவர்கள் மடத்தினுள்ளேயே தொட்டிகள் அமைத்து, நீர் மாற்றி, புழு ஊட்டி வளர்க்கத் தொடங்கினர். இன்று அந்த இனம் அடியோடு அழியாமல் காப்பதில் அம்மடத்துத் தொட்டிகளுக்குப் பெரும் பங்குண்டு. இங்கிலாந்து நாட்டுச் செஸ்டர் விலங்குக்காட்சிசாலை அறிஞரும் அவர்களோடு சேர்ந்து உழைக்கின்றனர். அங்கு அது செழிப்பதன் காரணம் அச்சகோதரியரின் பொறுமை மட்டுமன்று. அந்த ஏரியும் அந்த மலைக்குளிரும் அதற்குச் சொந்தமானவை. வெயிலை எதிர்த்துப் போராட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

நம் ஊரணிக்கும் சொந்தக்காரர்கள் உண்டு. ஐப்பசியின் முதற்பெருமழை பெய்த இரவில், பையன் கைவிளக்கோடு வந்து நம்மை ஊரணிக் கரைக்கு அழைத்துச் சென்றான். பெருந்தவளைகளின் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாய் நிறம் மாறி, தொண்டையின் இரு பக்கமும் நீலப்பைகள் புடைக்க, ஊரே அதிரும்படி கத்திக்கொண்டிருந்தன. ஐம்பது வயதைக் கடந்த நாம், அக்காட்சியை அருகில் நின்று கண்டது அதுவே முதன்முறை. அவையும் சட்டத்தின் காவலில் உள்ளவை, பார்க்கலாம், பிடிக்கலாகாது. பையன் வாளி எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, நனைந்தபடியே வீடு திரும்பினோம்.

அன்புள்ள பெற்றோரே, உங்கள் பிள்ளை ஓர் உயிரை வளர்க்கக் கேட்டால் உடனே மறுக்க வேண்டா. உடனே இசையவும் வேண்டா. பிள்ளையை அருகில் அமர்த்தி மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்த நாட்டுக் குளிருக்கும் வெயிலுக்கும் பிறந்தது? இதன் முழு வாழ்நாளுக்கும் உணவும் நீரும் தர நம்மால் இயலுமா? இயலாத நாள் வந்தால் இதை யாரிடம் ஒப்படைப்போம்? ஆக்சோலாட்டல் நன்கு பேணப்பட்டால் பத்தாண்டுக்கு மேலும் வாழும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதற்குள் வேலைக்கே போய்விடுவான். மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின் வாங்குங்கள். கிடைக்கவில்லையெனில், மழை பெய்யும் இரவில் பிள்ளையை ஊரணிக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்.